தண்ணீர் படாமல் வளர்ந்த நகங்கள்

தோல் மருத்துவரைப் பார்ப்பதற்காக நான் காத்திருந்த நடையில், எனக்கு இடப்பக்கம் முழங்கால் வரை கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். வலப்பக்கம் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்த ஒரு பெண். நான் பத்து விரல்களையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். பெரியவர் பேச்சுக் கொடுத்தார். சர்க்கரைப் புண் ஆறாத தன் கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, உங்களுக்கு என்னம்மா என்று கேட்டார். நகம் என்றேன். காதில் சரியாக விழவில்லையோ என்று அவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் நகம் என்றேன். அவர் அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நகத்துக்குப் போய் டாக்டரா என்று நினைப்பவர்கள் அந்தப் பெரியவரோடு சேர்ந்து திரும்பி உட்கார்ந்துகொள்ளலாம். அழகுக்காக ஒட்டிய நகத்தைப் பிய்த்துவிட்டு, அடியில் இருந்த சொந்த நகம் வெங்காயச் சருகு மாதிரி உரிவதைப் பார்த்து, யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்களே என்று கையை ஒளித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. என் பிழைப்பே விரல் நுனியில்தான் இருக்கிறது.

நான் தென்காசியில் கல்யாணப் பெண்களுக்குச் சேலை கட்டிவிடுகிறவள். முகூர்த்தப் பட்டுச்சேலையை முந்தின நாளே பெண் வீட்டாரிடம் வாங்கி வந்து, கொசுவமும் முந்தியும் மடிப்பு வைத்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டிப் பெட்டியில் அடுக்கி வைப்பேன். மறுநாள் அதிகாலை பெண் வீட்டுக்குப் போய்க் கட்டிவிடுவேன். சுரண்டை, கடையநல்லூர், செங்கோட்டை என்று சுற்று வட்டாரம் முழுக்க எனக்கு அழைப்பு வரும். அதற்குக் காரணம் மடிப்பு நேராக விழுவது மட்டுமில்லை. 'கைராசிக்காரி' என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது. நான் கட்டிவிட்ட பெண்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லி, அது ஊர் ஊராகப் போயிருந்தது. நானும் அதை மறுத்ததில்லை. மறுப்பதற்கு நான் என்ன பைத்தியமா?

நஸீமா என் தோழி. மணப்பெண் அலங்காரம் செய்பவள். முகம் அவள் வேலை, சேலை என் வேலை. போன சித்திரையில் அவள் அக்ரிலிக் நகம் (பொடியும் திரவமும் கலந்து நம் நகத்தின் மேல் பூசிக் கெட்டியாக்கும் செயற்கை நகம்) வைக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தாள். பழகிப் பார்க்க அவளுக்கு ஒரு கை வேண்டும். தன் கையில் வைத்துக்கொள்ள முடியாது. ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்யும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும், அக்ரிலிக் அதை மறைத்துவிடும். "ஒனக்கு என்னட்டி, நீ போட்டுக்கோ" என்றாள். போட்டுக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இப்போதெல்லாம் வீடியோ எடுப்பவர்கள் கொசுவம் மடிக்கிற கையை மட்டும் கிட்டத்தில் வைத்து எடுக்கிறார்கள். இளஞ்சிவப்பு நகத்தோடு என் கை அதில் அவ்வளவு அழகாக இருந்தது. சமையல் செய்து கருத்த கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நகம் வளர வளர அடியில் தெரியும் இடைவெளியை நஸீமா நிரப்பிக் கொடுத்தாள். கழற்ற வேண்டுமானால் என்னிடம்தான் வர வேண்டும், நீயாகக் கை வைக்காதே என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

ஆனியில் சாரல் விழுந்தது. மதுரையிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்தது. அவர்கள் வந்தால் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒன்று விடாமல் குளித்தாக வேண்டும். அவர்களோடு நானும் ஆசை தீரக் குளித்தேன். அந்த வாரத்திலேயே வலது நடுவிரல் நகம் ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டது. நஸீமா ஒரு கல்யாண வேலையாகத் திருநெல்வேலியில் இருந்தாள். அவளைக் கூப்பிடச் சோம்பல்பட்டு, செருப்பு ஒட்டுகிற உடனடிப் பசையைச் சொட்டு விட்டு அழுத்திக்கொண்டேன். உள்ளே தேங்கிய தண்ணீருக்குக் கதவைச் சாத்தித் தாழும் போட்டாயிற்று.

சில நாளில் நகத்துக்கு அடியில் பச்சை தெரிந்தது. குளத்துப் படியில் இருக்குமே, அந்தப் பாசிப் பச்சை. விரல் அழுகுகிறது என்றே நினைத்தேன். நஸீமாவுக்குப் போன் செய்தேன். "பிச்சிராதட்டி, நாளைக்கு வந்துருதேன்" என்றாள். எனக்கு நாளை வரை பொறுக்கவில்லை. சேலைக்குக் குத்துகிற ஊக்கை எடுத்து நெம்பினேன். ஒன்று வந்தது. பார்க்க அசிங்கமாக இருந்ததால் மற்ற ஒன்பதையும் நெம்பினேன். ஒவ்வொன்றும் என் நகத்தின் மேல் அடுக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் வந்தது.

மிச்சம் இருந்ததை நகம் என்று சொல்ல மனம் வராது. வெள்ளைத் திட்டோடு, அழுத்தினால் வளைகிற ஏதோ ஒரு தோல். வெந்நீர் பட்டால் எரிந்தது. பூண்டு உரிக்க முடியவில்லை. ஸ்டிக்கர் பொட்டை அட்டையிலிருந்து எடுக்க முடியவில்லை. நகம் என்று ஒன்று எதற்கெல்லாம் வேண்டியிருக்கிறது என்பது அது போன பிறகுதான் தெரிகிறது.

அத்தை, அதாவது என் மாமியார், விரலைப் பிடித்துப் பார்த்தார். நகத்தைச் சுற்றிச் சிவந்திருந்தது. "நகச்சுத்தி" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். நகச்சுத்தி வந்தால் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்ட வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஒரு விரலுக்கு ஒரு பழம். எனக்குச் சுற்றிலும் சிவந்த விரல் ஐந்து. வலது கையில் ஐந்து எலுமிச்சம்பழத்தோடு நான் டிவியில் தொடர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எரிச்சலில் கண்ணீர் வழிந்தது, அத்தை அதைத் தொடரில் வந்த சோகத்துக்கு என்று நினைத்துக்கொண்டார். வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கதவிலேயே நின்றுவிட்டார். "என்ன, சர்பத் கடை போட்டிருக்கியா?" என்று கேட்டார். அவர் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு டெம்போ ஓட்டுபவர். எதைப் பார்த்தாலும் சரக்காகத்தான் தெரியும்.

எலுமிச்சை கைகொடுக்கவில்லை. அடுத்ததாக அத்தை சொன்னதுதான் என்னைப் படுகுழியில் தள்ளியது. ஆனால் அதை அத்தை மட்டும் சொன்னார் என்று சொல்வது நியாயமில்லை. தென்காசியில் யாரிடம் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள், நானே சொல்லியிருப்பேன். குற்றாலத் தண்ணீர் மலையில் ஆயிரம் மூலிகையைத் தொட்டுக்கொண்டு வருகிறது. சொறி, சிரங்கு, மேல்வலி, பைத்தியம் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. உலகமே ரயிலேறி வந்து அதில் தலையைக் கொடுக்கிறது. பக்கத்தில் இருந்துகொண்டு நான் கையைக் கொடுக்காமல் இருப்பதா?

ஆடி பிறந்திருந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, எனக்கு வேலையும் கிடையாது. காலையில் வீட்டு வேலை முடித்ததும் பஸ் ஏறிக் குற்றாலம் போவேன். அருவியில் கூட்டத்துக்கு ஓரமாக நின்று இரண்டு கையையும் விழுகிற தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருப்பேன். விரல் நுனி வெளுத்து ஊறும் வரை நிற்பேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் காற்று பட்டு நகம் விறைத்துக் காயும். மதியத்துக்குள் நுனியில் ஒரு அடுக்கு பிரிந்து நிற்கும்.

நகம் உரிவதை அத்தையிடம் காட்டினேன். "உரியட்டும், நல்லதுதான். பழசு போனாத்தான புதுசு வரும். கெட்டதத் தண்ணி வெளியேத்துதுல்லா?" என்றார். எனக்கு அது சரியென்றே பட்டது. உரிய உரியச் சந்தோஷப்பட்டேன். இன்னும் கொஞ்சம் உரியட்டும் என்று மறுநாள் கூடுதல் நேரம் நின்றேன். இப்படி ஆடி முழுக்க.

ஆவணியில் முதல் முகூர்த்தம், சுரண்டையில். மடிப்பு வைக்கும்போதே நகம் ஜரிகையில் இடறிக்கொண்டிருந்தது, சமாளித்துக் கொண்டுபோனேன். காலையில் பெண்ணுக்குக் கட்டிவிட்டு, கடைசியாக முந்தியைத் தோளில் சரி செய்து கையை எடுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். என் பெருவிரல் நகத்தின் பிளவுக்குள் ஒரு பட்டு இழை மாட்டியிருந்தது. எடுக்கப் போனபோது இன்னும் இழுத்தது. மயில் கழுத்து நிற முந்தியின் குறுக்கே ஒரு சுருக்கக் கோடு, பெண்ணின் மார்புக்கு நேரே.

யாரும் என்னைத் திட்டவில்லை. பெண்ணின் அம்மா அந்த இடத்தை நீவி நீவிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார். "கைராசிக்காரின்னுல்லா சொன்னாவ."

திட்டியிருந்தால் தேவலை. வீடு வரும் வரை அந்த ஒரு வார்த்தை காதிலேயே இருந்தது. மடிப்பு கோணினால் திருத்திவிடலாம். கைராசி போயிற்று என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் அதை யார் திருத்த முடியும்? அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருந்தது. இந்த நகம் இப்படியே இருந்துவிட்டால் பட்டைத் தொடவே முடியாது. எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். ஆவணிக்கு ஒப்புக்கொண்டிருந்த மற்றக் கல்யாணங்களை எல்லாம் போன் செய்து வேண்டாம் என்று சொன்னேன். காய்ச்சல் என்றேன். நஸீமாதான் மறுநாள் வந்து என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். இல்லாவிட்டால் நான் அடுத்து எந்த அருவிக்குப் போயிருப்பேனோ தெரியாது.

டாக்டர் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா. தென்காசிக்காரர்தான். பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். நுனியில் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரத்தமும் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது முடிவுகள் வந்திருந்தன. பூஞ்சைத் தொற்று இல்லை. தைராய்டும் சரியாக இருந்தது. அந்தப் பச்சை, சூடோமோனாஸ் (ஈரம் தேங்கிய இடத்தில் வளரும் ஒரு வகைக் கிருமி) என்றார். காற்றுப் பட்டுக் காய்ந்தால் அது இருக்காது, மிச்சம் இருப்பது கறைதான் என்று ஒரு சொட்டு மருந்து மட்டும் எழுதினார். நடுவிரலில் மட்டும் ஓனிகோலைசிஸ் (நகம் அடிச்சதையை விட்டுப் பிரிந்து நிற்பது) கொஞ்சம் இருப்பதாகவும், அதுவும் வளரும்போது ஒட்டிக்கொள்ளும் என்றும் சொன்னார்.

பிறகு, இதற்கு இதுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகவே சொன்னேன். ஆடி முழுக்க அருவித் தண்ணீர். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பாத்ரூமுக்கு ப்ளைவுட் கதவு போட்டிருப்பாங்கல்லா? அடியில தண்ணி பட்டுப் பட்டு எப்படி அடுக்கடுக்காப் பிரியுது? நகமும் அப்படித்தாம்மா. நனைஞ்சா ஊதும், காஞ்சா சுருங்கும். நீங்க ஏற்கெனவே பாதி நகத்தப் பிச்சு எடுத்துட்டீங்க. மிச்சத்தக் கொண்டுபோயி அருவிக்குள்ள வச்சிருக்கீங்க."

நஸீமா சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நான் மெதுவாக, அது மூலிகைத் தண்ணீர் ஆயிற்றே என்றேன். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. தானும் அருவியில் குளிப்பதுண்டு, நகத்துக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான் என்றார். தன் கையை விளக்குக்குக் கீழே நீட்டினார். நாளெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி அவர் நகநுனியும் லேசாக உரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

நகம் சரியாவதற்கு என்ன மருந்து என்று கேட்டேன். கெட்டுப்போன நகத்தைச் சரியாக்க யாரிடமும் மருந்து கிடையாது என்றார். வெளியே தெரிகிற நகம் உயிரில்லாத பொருள். உயிர் இருப்பது மேட்ரிக்ஸில் (தோலுக்கு அடியில், நகம் உருவாகிற வேர்ப்பகுதி) மட்டும்தான். அந்த இடத்தை அவர் பத்து விரலிலும் அழுத்திப் பார்த்தார். நான் விரல் விரலாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

"வேருக்கு ஒண்ணும் ஆகல. பழசு போகணும், புதுசு வரணும். அவ்வளவுதான். தை வரைக்கும் பொறுங்க."

அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமாக இல்லை. உயிர் போகிற நோய்க்கு அழுகிறவர்கள் வெளியே வரிசையில் இருந்தார்கள், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் உயிர் அந்த வேரில்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் ஒன்று உறைத்தது. அத்தை சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே பேச்சு. பழசு போனால்தான் புதுசு வரும். அத்தை அதற்குத் தண்ணீரில் நில் என்றார், டாக்டர் தள்ளி நில் என்கிறார்.

டாக்டர் சொன்ன முறை மிகச் சாதாரணமானது. நகத்தை ஒட்ட வெட்டி வைக்க வேண்டும். நுனி பிரிந்தால் பிய்க்காமல் உடனே வெட்டிவிட வேண்டும். மேல்பக்கத்தை அரம் போட்டுத் தேய்க்கக் கூடாது. க்யூட்டிகிளை (நகமும் தோலும் சேருமிடத்தில் இருக்கும் மெல்லிய விளிம்பு) வெட்டவோ தள்ளவோ கூடாது, அதுதான் வேருக்குக் காவல். கை கழுவியதும் துடைத்து எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். பாத்திரம், துணி என்றால் உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. நகத்தைக் கெட்டியாக்கும் பூச்சுகளைக் கேட்டேன், மெலிந்த நகம் அதில் இன்னும் விறைத்து உடையும் என்று தடுத்துவிட்டார். நகம் வளர விற்கிற மாத்திரைகளைப் பற்றியும் கேட்டேன். ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்றார்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. செய்து பாருங்கள், தெரியும். ஒரு நாளில் எத்தனை முறை தண்ணீரில் கை வைக்கிறோம் என்று அப்போதுதான் கவனித்தேன். அரிசி களைய, காய் கழுவ, மாவு கரைக்க, வாசல் தெளிக்க. பாதி வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் மனம் ஒப்பி இல்லை. தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "குத்தாலத்துக்குப் பக்கத்துல இருந்துகிட்டுத் தண்ணியில கைய வைக்காதங்கா. அவ என்ன டாக்டரு?"

பாத்திரம் தேய்ப்பது என் வீட்டுக்காரர் பொறுப்பானது. யாரும் சொல்லவில்லை, அவராகவே ஒரு நாள் பின்வாசலில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தைக்குத் தாங்கவில்லை. "ஏலே, நீ என்னத்துக்குலே தேய்க்க?" என்று கேட்டார். டெம்போவைக் கழுவுகிறேன், சட்டியைக் கழுவ முடியாதா என்றார் அவர். கேரள எல்லையில் புளியரை தாண்டிப் போய்வரும்போது ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கி வந்தார். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த எண்ணெய். அந்தப் பக்கம் போய்ப் போய் அவர் வாயில் தேங்காயெண்ணெய் மலையாளத்து வெளிச்செண்ணெய் ஆகிவிட்டது. டாக்டரிடம் கேட்டேன், எந்த எண்ணெயும் சரிதான், வாங்கி வந்தவர் மனசுக்காக இதையே தடவுங்கள் என்றார்.

புரட்டாசியில், க்யூட்டிகிளுக்கு மேலே ஒரு மெல்லிய பிறை தெரிந்தது. பழைய நகம் வெள்ளைத் திட்டும் வரியுமாக இருக்க, அடியில் இது மட்டும் வழுவழுப்பாக இளஞ்சிவப்பாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே தெளிவாக ஒரு எல்லைக்கோடு. காலையில் எழுந்ததும் வெளிச்சத்தில் அந்தக் கோட்டைப் பார்ப்பது பழக்கமாயிற்று. தினமும் பார்த்தால் நகரவே இல்லை. பார்ப்பதை விட்டுவிட்டுச் சில நாள் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கும். நடுவிரல் முந்திக்கொண்டு போனது. பெருவிரலுக்கு எதிலும் அவசரமில்லை. வலது கை இடது கையைவிட ஒரு நூல் முன்னால் இருந்தது. ஒரே உடம்புக்குள் பத்துப் பேர் பத்து நடை நடக்கிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

ஐப்பசி மழையில் அருவி மறுபடியும் கொட்டியது. நாத்தனார் குடும்பமும் மறுபடியும் வந்தது. நான் வரவில்லை என்றேன், விடவில்லை. கடைசியில் இரண்டு கையையும் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு, தலைக்கு மேலே தூக்கியபடி அருவிக்கு ஓரமாக நின்றேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, மருதாணியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லாச் சிவக்கும்" என்று வாழ்த்திவிட்டுப் போனார். சரணடைகிறவள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு குளித்ததில் எனக்கே சிரிப்பு வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு சறுக்கல் வரும். எனக்குத் தீபாவளியில் வந்தது. வீடு ஒதுங்க வைக்கிற வேகத்தில் கையுறையை எங்கோ வைத்துவிட்டேன். சோப்புத் தண்ணீரில் நாளெல்லாம் கை ஊறியது. மறுநாள் மூன்று விரலில் நுனி பிளந்து நின்றது. எல்லாம் போயிற்று, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். அப்படி இல்லை. பிளந்தது பழைய நகம். புதிய பிறை அதன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

அது தெரிந்ததும் அந்தப் பிளவுகளை வெட்டிவிடலாம் என்று எழுந்தேன். அன்று வெள்ளிக்கிழமை, அதுவும் விளக்கு வைத்த பிறகு. எங்கள் வீட்டில் வெள்ளியும் செவ்வாயும் நகம் வெட்டக் கூடாது. விளக்கு வைத்த பிறகு எந்தக் கிழமையிலும் கூடாது. இதில் அத்தையிடம் எந்தப் பேச்சும் எடுபடாது. நான் விரல்களை மடக்கிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தேன். பிளவு எதிலாவது மாட்டினால் புது நகம் வரைக்கும் கிழித்துக்கொண்டு போகும், விடிகிற வரை கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டியதுதான்.

அத்தை என் மடக்கிய விரல்களைப் பார்த்தார். எழுந்து போய் நகவெட்டியை எடுத்து வந்து என் மடியில் போட்டார்.

"பொறவாசல்ல போயி வெட்டு. நான் பாக்கல."

வெட்டிவிட்டு வந்தேன். அத்தை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு கையை நீட்டு என்றார். தொடரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தடவிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு சாயங்காலமானால் கிண்ணம் தானாக வந்துவிடும். அந்த டாக்டரைப் பற்றித் தெருவில் பேசுவதும் நின்றுபோயிற்று.

மார்கழிக் கடைசியில் பெருவிரலிலிருந்து கடைசி வெள்ளைத் துண்டை வெட்டினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சித்திரையில் நான் அழகு பார்த்த நகத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். ஒரு வருத்தமும் வரவில்லை. டாக்டரிடம் போனபோது அவர் விளக்கைக்கூடப் போடவில்லை, சன்னல் வெளிச்சத்திலேயே பார்த்துவிட்டு, இனி வர வேண்டாம் என்றார். ஒரு டாக்டர் வாயால் கேட்க அதைவிட நல்ல வார்த்தை கிடையாது.

ஆனாலும் தையில் நஸீமா கூப்பிட்டபோது பயந்தேன். இலத்தூரில் கல்யாணம். சுரண்டைக் கதை அங்கே வந்திருக்காது என்று என்ன நிச்சயம்? வந்திருந்தால் என்ன, நான் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன், நீ வா என்றாள். மடிப்பு வைப்பதற்கு முன்னால் சேலையின் ஓரத்தில், உள்பக்கமாக, பத்து விரலையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். எதுவும் மாட்டவில்லை. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

காலையில் பெண் வீட்டுக்குப் போனோம். சின்ன அறை. நஸீமா தலையில் பூ வைத்துக்கொண்டிருக்கும்போதே நான் கீழே உட்கார்ந்து கொசுவத்தைச் செருகத் தொடங்கினேன். பெண்ணுக்குப் பதற்றம், வயிற்றை எக்கிக்கொண்டே இருந்தாள். மூச்சை விடும்மா, எக்கிக்கொண்டு கட்டினால் சாப்பிடும்போது இறுக்கும் என்று அவளைச் சமாதானப்படுத்தினேன். கரை தரையைத் தொடவில்லையே என்று பார்த்தேன். முந்தியைத் தோளில் அடுக்கி, ஜரிகை ஓரத்தை நகத்தால் கீறி மடிப்பை உட்கார வைத்து, ஊக்கு குத்தினேன். ஒரு அடி பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். நன்றாக விழுந்திருந்தது.

அப்போதுதான் நகம் என் நினைவுக்கு வந்தது. கட்டத் தொடங்கியதிலிருந்து அதுவரை, எனக்கு நகம் என்று ஒன்று இருப்பதையே நான் மறந்திருந்தேன்.

பெண்ணின் அம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "அதுக்குள்ள முடிஞ்சிட்டா?" என்று கேட்டார். ஆவணியிலிருந்து தை வரை ஆன வேலை அது. "ஆமாக்கா, முடிஞ்சிட்டு" என்றேன்.